ஆன்லைன் வெயிட் லாஸ் ப்ரோக்ராமுக்கு 14,999 ரூபாய் கட்டலாமா? வாங்க, கணக்கு போட்டுப் பார்ப்போம்



போன வாரம் போட்ட வீடியோவுக்குக் கீழ வளவனூர்ல இருந்து ஒருத்தர் இப்படிக் கேட்டிருந்தார்: "அண்ணா, விழுப்புரத்துல வேலை. பிடித்தம் போக கையில 24,000 வருது. ஆபீஸ்ல எடுத்த செக்கப்புல சுகர் பார்டர்ல இருக்குன்னு சொல்லிட்டாங்க. வெயிட் 82 கிலோ. ஆன்லைன்ல ஆறு மாச ப்ரோக்ராம் ஒண்ணு பாத்தேன். 14,999 ரூபாய், நோ காஸ்ட் இ.எம்.ஐ. இருக்கு. கோச் வீடியோ கால்லயே வருவாங்களாம். சேரலாமா?"

இது டாக்டர் பதில் சொல்ல வேண்டிய கேள்வின்னு விட்டுட்டுப் போயிருக்கலாம். ஆனா கேள்வியில பாதி பணம் சம்பந்தப்பட்டது. மாசம் 2,500 ரூபாய் என்பது அவர் சம்பளத்தில் பத்து சதவீதத்துக்கும் மேல. அதே 2,500-ஐ ஒரு மியூச்சுவல் ஃபண்டில் போடச் சொன்னா நீங்க எத்தனை கேள்வி கேப்பீங்க? போன அஞ்சு வருஷ ரிட்டர்ன் என்ன, வெளியே வந்தா எவ்வளவு பிடிப்பாங்க, யார் மேனேஜ் பண்றாங்க. வெயிட் லாஸ் ப்ளான் வாங்கும்போது மட்டும் 'பிஃபோர், ஆஃப்டர்' போட்டோ ரெண்டைப் பார்த்துட்டு ஓ.டி.பி. அடிச்சிடறோம்.

வீடியோவில் இதுக்கு நாலு நிமிஷம்தான் ஒதுக்க முடிஞ்சது. விட்டுப்போன கணக்கையெல்லாம் இங்க எழுதறேன்.

முதல்ல அடிப்படைக் கேள்வி. ஆள் எதிர்ல இல்லாம, போன் வழியாவே ஒருத்தர் சாப்பாட்டுப் பழக்கத்தையும் நடைப் பழக்கத்தையும் மாத்த முடியுமா? முடியும். அதுக்கு நல்ல ஆதாரம் இருக்கு, அதுலயும் முக்கியமான ரெண்டு நம்ம சென்னையில இருந்தே வந்தது. ஆனா அந்த ஆராய்ச்சிகளில் கிடைச்ச பலன் ஒண்ணு, விளம்பரத்துல விக்கிற பலன் வேற ஒண்ணு.

ஆப் வர்றதுக்கு முன்னாடியே

சென்னையில் டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழுவினர் நடத்திய இந்திய நீரிழிவு தடுப்புத் திட்டம் என்ற ஆய்வின் முடிவு 2006-ல் வெளியானது. சர்க்கரை நோய் வரும் விளிம்பில் இருந்த 531 பேரை நாலு குழுவாகப் பிரிச்சாங்க. ஒரு குழுவுக்கு வழக்கமான பொது அறிவுரை மட்டும். இன்னொரு குழுவுக்குச் சாப்பாடு, உடற்பயிற்சி பற்றிய தொடர் ஆலோசனை. மூணாவது குழுவுக்கு மெட்பார்மின் மாத்திரை. நாலாவதுக்கு ரெண்டும் சேர்த்து.

அந்தத் தொடர் ஆலோசனையை எப்படிக் கொடுத்தாங்கங்கறதுதான் நமக்கு முக்கியம். முதல் தடவை நேர்ல. ரெண்டு வாரம் கழிச்சு ஒரு போன். அதுக்கப்புறம் மாசா மாசம் போன், ஆறு மாசத்துக்கு ஒருமுறை நேர்ல. அவ்வளவுதான். வாட்ஸ்அப் கிடையாது, ஸ்மார்ட் வாட்ச் கிடையாது, தட்டைப் போட்டோ எடுத்தா கலோரி சொல்ற வித்தையும் கிடையாது.

மூணு வருஷம் கழிச்சுப் பார்த்தப்போ, பொது அறிவுரை மட்டும் கேட்ட குழுவில் 55 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய் வந்திருந்தது. தொடர் ஆலோசனை கிடைச்ச குழுவில் 39.3 சதவீதம். மாத்திரை சாப்பிட்ட குழுவில் 40.5. அதாவது முறையான ஃபாலோ-அப் ஆலோசனை மாத்திரை அளவுக்கு வேலை செஞ்சிருக்கு.

அடுத்து அதே குழுவினர் இன்னும் சிக்கனமா ஒண்ணு செஞ்சு பார்த்தாங்க. 2009-ல் தொடங்கி 2012-ல் முடிந்த ஆய்வு இது. முடிவு 2013-ல் வெளியானது. நம்மூர்ப் பக்கத்துத் தொழிற்சாலைகள், நிறுவனங்களில் வேலை பார்க்கிற 35 முதல் 55 வயது வரையிலான ஆண்கள் 537 பேர். உங்களை மாதிரி மாசச் சம்பளக்காரங்கதான், வயசு மட்டும் கொஞ்சம் கூட. எல்லாருக்கும் தொடக்கத்துல ஒருமுறை நேரடி ஆலோசனை. பிறகு பாதிப் பேருக்கு மட்டும் வாரத்துக்கு ரெண்டு முதல் நாலு எஸ்.எம்.எஸ். எப்போ வரணும்கறதை அவங்களே தேர்ந்தெடுக்கலாம். அவங்க மனசு எந்த நிலையில இருக்கு, இன்னும் யோசிக்கறாரா, ஆரம்பிச்சுட்டாரா, ஆரம்பிச்சு விட்டுட்டாரா என்பதைப் பார்த்து அதுக்கேத்த மாதிரி மெசேஜ் போகும். ரெண்டு வருஷ முடிவில், எஸ்.எம்.எஸ். வராத குழுவில் 27 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய். வந்த குழுவில் 18 சதவீதம்.

சாதா எஸ்.எம்.எஸ்.ங்க! ஓ.டி.பி. வர்ற அதே இன்பாக்ஸ்ல.

இப்போ விளம்பரக்காரங்க சொல்லாத விஷயத்துக்கு வர்றேன். இந்த ரெண்டு ஆய்விலும் உடல் எடை பெருசா குறையலை. எடை மெஷின்ல கிட்டத்தட்ட அதே நம்பர்தான். ஆனாலும் சர்க்கரை நோய் வர்றது கணிசமா குறைஞ்சது. சாப்பாட்டுப் பழக்கம் மாறினதுக்கு உள்ளே பலன் கிடைச்சிருக்கு, வெளியே கிலோ கணக்கில் தெரியலை.

எடை குறையறது முக்கியமில்லைன்னு இதுக்கு அர்த்தம் பண்ணிக்காதீங்க. அமெரிக்காவில் 2002-ல் முடிவு வந்த பெரிய ஆய்வில், உடல் எடையில் 7 சதவீதம் குறைப்பது, வாரம் 150 நிமிஷம் நடப்பது என்று இலக்கு வச்சாங்க. அங்க சர்க்கரை நோய் வரும் ஆபத்து 58 சதவீதம் குறைஞ்சது. நான் சொல்ல வர்றது, எடை மெஷினை மட்டும் வச்சு ஒரு ப்ளானை எடை போட்டா, பலன் வந்துகிட்டு இருக்கும்போதே "காசு வேஸ்ட்"னு நீங்க பாதியில நிறுத்திடுவீங்க. இல்லைன்னா, "90 நாளில் 15 கிலோ"ன்னு கத்தற ஆளுக்குக் கட்டிடுவீங்க.

சரி, எடையையே குறிவச்சு போன் வழியா செஞ்சா எவ்வளவு குறையும்? இதுக்கும் ஒரு நல்ல அளவுகோல் இருக்கு. அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தினர் பால்டிமோர் நகரத்தில் 415 பேரை வச்சு நடத்திய ஆய்வு, 2011-ல் வெளியானது. ஒரு குழுவுக்கு ஆலோசகர் போன், வெப்சைட், ஈமெயில் வழியா மட்டும். இன்னொரு குழுவுக்கு நேரடி வகுப்புகளும் உண்டு. மூணாவது குழு தானா பார்த்துக்கணும். ரெண்டு வருஷம் கழிச்சு, போன் குழு சராசரியா 4.6 கிலோ குறைஞ்சது. நேரடிக் குழு 5.1 கிலோ. தானா பார்த்துக்கிட்ட குழு 0.8 கிலோ.

நேர்ல போனதுக்கும் போன்ல பேசினதுக்கும் அரைக் கிலோதான் வித்தியாசம். ஆனா 4.6 என்ற நம்பரையும் நல்லா பாத்துக்கங்க. அவங்க ஆரம்பிக்கும்போது சராசரி எடை 104 கிலோ பக்கம். ரெண்டு வருஷம் விடாம கூட நின்ன ஒரு ப்ரோக்ராம், 104 கிலோ ஆளுக்கு 4.6 கிலோ குறைச்சிருக்கு. நம்ம 82 கிலோக்காரருக்கு 5 சதவீதம்னா 4 கிலோ, 7 சதவீதம்னா 5.7 கிலோ. இதைத்தான் நல்ல ரிசல்ட்னு சொல்லணும். வருஷத்துக்கு 12 சதவீதம் ரிட்டர்ன் எதிர்பார்க்கலாம்னு சொல்ற ஃபண்டுக்கும், மாசம் 10 சதவீதம் தர்றேன்னு சொல்ற சீட்டுக் கம்பெனிக்கும் வித்தியாசம் உங்களுக்குத் தெரியும். இங்கயும் அதே வித்தியாசம்தான்.

அப்போ நீங்க காசு கொடுக்கறது எதுக்கு?

டயட் சார்ட்டுக்கு இல்லை. டயட் சார்ட் ஓசியிலயே ஆயிரம் கிடைக்குது. ஆப்புக்கும் இல்லை. அந்த எஸ்.எம்.எஸ். ஆய்வைத் தவிர, மேலே சொன்ன மத்த ஆய்வுகள்ல பொதுவா இருந்தது ஒண்ணுதான்: ஒரு ஆள் குறிச்ச நாள்ல உங்களைத் தொடர்பு கொண்டு, போன தடவை பேசினதை ஞாபகம் வச்சு, எங்க தடுக்குதுன்னு கேட்டு, அதுக்கு ஒரு சின்ன வழி சொல்றது.

உதாரணம் சொல்றேன். விழுப்புரத்துல ஆறரை மணிக்கு வேலை முடிஞ்சு பஸ் ஸ்டாண்டு வர்றீங்க. வளவனூர் பஸ்ஸுக்கு நிக்கணும். மத்தியானம் ஒரு மணிக்குச் சாப்பிட்டது. பசி. எதிர்ல சூடா பஜ்ஜி. டயட் சார்ட் என்ன சொல்லும்? "எண்ணெயில் பொரித்ததைத் தவிர்க்கவும்." அது உங்களுக்கே தெரியும். தெரியாமலா பஜ்ஜி வாங்குனீங்க?

நல்ல கோச் வேற மாதிரி கேட்பார். "எந்த நாள்லயெல்லாம் வாங்குனீங்க?" எழுதி வச்ச நோட்டைப் பார்த்தா, மத்தியானம் சீக்கிரம் சாப்பிட்ட நாள்லதான் வாங்கியிருக்கீங்க. "சரி, நாலரை மணி டீயோட ஒரு கைப்பிடி சுண்டலோ வேர்க்கடலையோ எடுத்துட்டுப் போங்க. இந்த வாரம் இது மட்டும் போதும். வியாழக்கிழமை கூப்பிடறேன்." அடுத்த வியாழன் அவர் கூப்பிடுவார். அவர் கூப்பிடுவார்ங்கற நினைப்பே பாதி வேலையைச் செஞ்சிடும்.

டீயும் அப்படித்தான். ஒரு நாளைக்கு நாலு டீ, ஒவ்வொண்ணுலயும் ரெண்டு ஸ்பூன் சர்க்கரைன்னா சுமார் 32 கிராம், கிட்டத்தட்ட 130 கலோரி. டீயை நிறுத்துன்னா யாரும் கேக்க மாட்டோம், நானும் மாட்டேன். ஒவ்வொரு ஸ்பூனா குறைக்கறது நடக்கற காரியம்.

இந்த முறையைத்தான் நடத்தை சார்ந்த எடை மேலாண்மைன்னு சொல்றாங்க. சின்ன இலக்கு, தினமும் எழுதறது, வாரம் ஒருமுறை திரும்பிப் பார்க்கறது, தடையை மட்டும் சரி பண்றது. மாசாமாசம் வரவு செலவு எழுதச் சொல்லி நான் நச்சரிக்கிறேனே, கிட்டத்தட்ட அதே வேலைதான்.

ஒரு காலுக்கு எவ்வளவு?

ஆக, ப்ளானோட விலையை மாசக் கணக்குல பார்க்காதீங்க, கால் கணக்குல பாருங்க. சேர்றதுக்கு முன்னாடி ஒரே ஒரு கேள்வி கேளுங்க: "ஆறு மாசத்துல மனுஷங்க நேரடியா பேசற கால் மொத்தம் எத்தனை, ஒவ்வொண்ணும் எத்தனை நிமிஷம்?" 'அன்லிமிடெட் சாட்' என்ற பதிலை ஏத்துக்காதீங்க.

14,999 ரூபாய்க்கு 8 கால்தான்னா, ஒரு காலுக்கு 1,875 ரூபாய். 20 கால்னா 750 ரூபாய். ஒரே விலை, ஆனா ரெண்டும் வேற வேற பொருள். அமெரிக்க ஆய்வில் போன் குழுவுக்கு முதல் மூணு மாசம் வாராவாரம் கால், பிறகு மாசம் ஒண்ணு. அந்த அளவை வச்சுப் பார்த்தா ஆறு மாசத்துக்குப் பதினஞ்சு கால். அதுக்குக் கீழ கொடுக்கறவங்ககிட்ட விலையும் கீழ இருக்கணும்.

இன்னொரு பக்கக் கணக்கும் உண்டு. இது ஆன்லைனுக்குச் சாதகமான கணக்கு, மறைக்கக் கூடாது. வளவனூர்ல இருக்கறவர் பாண்டிச்சேரியில ஒரு டயட்டீஷியனை வாராவாரம் நேர்ல பார்க்கணும்னா, அரை நாள் போயிடும். சம்பளம் 24,000-ன்னா ஒரு நாள் 800, அரை நாள் 400. பர்மிஷன் கிடைக்காம சம்பளம் வெட்டினா, பதினஞ்சு தடவைக்கு 6,000 ரூபாய். பஸ் செலவு, கன்சல்டேஷன் ஃபீஸ் தனி. சென்னையிலயோ பெங்களூருலயோ இருக்கறவருக்கு ஆன்லைன் ஒரு வசதி. திண்டிவனம், விழுப்புரம், வளவனூர் ஆளுக்கு அது உண்மையான மிச்சம். அதனால "ஆன்லைன்னாலே ஏமாத்து"ன்னு சொல்ற ஆள் நான் இல்லை.

ஆனா நியாயமான விலை எதுன்னு ஒரு அடித்தளம் வேணுமில்லையா? அந்தச் சென்னை ஆய்வுக்கே செலவுக் கணக்கு போட்டு 2007-ல் வெளியிட்டாங்க. தொடர் ஆலோசனைக் குழுவுக்கு மூணு வருஷத்துக்கு ஆன நேரடி மருத்துவச் செலவு, ஒருத்தருக்கு 225 டாலர். அப்போ டாலர் 45 ரூபாய் பக்கம். கிட்டத்தட்ட 10,125 ரூபாய், அதாவது மாசம் 281 ரூபாய். அதுக்கப்புறம் விலைவாசி மூணரை மடங்கு ஏறியிருக்குன்னே வச்சுக்கங்க, மாசம் ஆயிரம் ரூபாய்க்குள்ளதான் வருது. அதுல டெஸ்ட் செலவும் சேர்த்தி. மாசம் 2,500 கேட்கறவர் அந்த ஆயிரத்துக்கு மேல இருக்கற 1,500-க்கு என்ன கூடுதலா தர்றார்னு கேக்க உங்களுக்கு உரிமை இருக்கு. கூடுதல் கால்னா சரி. விளம்பரத்துல வர்ற நடிகருக்கான சம்பளம்னா, அதை நீங்க ஏன் கட்டணும்?

நோ காஸ்ட் இ.எம்.ஐ.

இந்தச் சேனல்ல பழைய ஆளா இருந்தா இது உங்களுக்கு மனப்பாடமா இருக்கும், புதுசா வந்தவங்களுக்காகச் சுருக்கமா. வட்டி ஜீரோ என்பதே கிடையாதுன்னு ரிசர்வ் வங்கி 2013-லேயே வங்கிகளுக்குச் சொல்லிடுச்சு. நோ காஸ்ட்னா வட்டிக்குச் சமமான தொகையை விலையில தள்ளுபடியா காட்டறாங்க, அவ்வளவுதான். கிரெடிட் கார்டுன்னா அந்த வட்டிக்கு ஜி.எஸ்.டி. உங்க தலையில, பிராசஸிங் ஃபீஸும் வரலாம்.

அதைவிடப் பெரிய விஷயம், கடன் கொடுக்கறது வேற கம்பெனி. மூணாவது மாசம் கோச் மாறிட்டார், கால் வரலை, நீங்க வெறுத்துப்போய் நிறுத்திட்டீங்கன்னு வைங்க. ப்ரோக்ராம் நிக்கும், இ.எம்.ஐ. நிக்காது. கட்டாம விட்டா சிபில் ஸ்கோர் அடிவாங்கும். அடுத்த வருஷம் பைக் லோனுக்குப் போகும்போது தெரியும். எடை குறைக்கற ப்ளான்ல பாதியில விடறது ரொம்ப சாதாரணம். பாதியில விட வாய்ப்புள்ள ஒரு விஷயத்துக்குக் கடன் வாங்காதீங்க. மாசாமாசம் கட்டற ப்ளான் கொஞ்சம் விலை கூட இருந்தாலும் அதையே எடுங்க. அந்தக் கூடுதல் தொகை வெளியே வர்ற சுதந்திரத்துக்கான விலை.

ஏற்கனவே ஆப் வழியா கடன் எடுத்துட்டீங்கன்னா, டிஜிட்டல் கடனுக்குக் 'கூலிங் ஆஃப்' கால அவகாசம் கொடுக்கணும்னு ரிசர்வ் வங்கி விதி இருக்கு. எத்தனை நாள்னு கீ ஃபேக்ட் ஸ்டேட்மென்ட்ல போட்டிருக்கும். அதுக்குள்ள அசலையும் அந்த நாட்களுக்கான வட்டியையும் கட்டிட்டு, அபராதம் இல்லாம வெளியே வந்துடலாம்.

போன்ல பேசறது யாரு?

2020 மார்ச் 25-ம் தேதி மத்திய அரசு டெலிமெடிசின் வழிகாட்டு நெறிமுறைகளை வெளியிட்டது. அதுல நமக்குத் தேவையானது மூணு. ஒண்ணு, போன்லயோ வீடியோலயோ மருந்து எழுதித் தர்றவர் பதிவு பெற்ற டாக்டரா இருக்கணும், அவரோட பதிவு எண் மருந்துச் சீட்டுல இருக்கணும். ரெண்டு, வாங்கின ஃபீஸுக்கு ரசீது கொடுக்கணும். மூணு, செயற்கை நுண்ணறிவு தானா நோயாளிக்கு ஆலோசனை சொல்லவோ மருந்து எழுதவோ கூடாது. 'ஏ.ஐ. கோச்' உங்களுக்கு நடைக் கணக்கு காட்டலாம், மாத்திரை சொன்னா உடனே உஷார் ஆயிடுங்க.

கோச் என்பவர் டாக்டர் இல்லை. பல இடங்கள்ல டயட்டீஷியனும் இல்லை. என்ன படிச்சிருக்கார்னு கேளுங்க, கேக்கறதுல தப்பே இல்லை. "கோச் நல்லா பேசறார், கூடவே மாசம் ரெண்டு டப்பா புரோட்டீன் பவுடர் வாங்கச் சொல்றார்"னா, அங்க நீங்க க்ளையன்ட் இல்லை, கஸ்டமர். யூலிப் விக்கிற ஏஜெண்ட் 'ஃபைனான்ஷியல் அட்வைசர்'னு கார்டு அடிச்ச கதைதான்.

ஊசி பற்றியும் நிறைய பேர் கேக்கறீங்க. மவுன்ஜாரோ இந்தியாவுக்கு 2025 மார்ச்ல வந்தப்போ, ஆரம்ப டோஸ் ஒரு குப்பி 3,500 ரூபாய், அடுத்த டோஸ் 4,375. வாரம் ஒண்ணு. ஆரம்ப டோஸுக்கே நாலு வாரத்துக்கு 14,000, அதாவது நம்ம வளவனூர்க்காரர் சம்பளத்துல பாதிக்கு மேல. இது டாக்டர் பரிசோதிச்சுத் தர வேண்டிய மருந்து. இன்ஸ்டாகிராம் மெசேஜ்ல ஆர்டர் எடுக்கறவங்க பக்கமே போகாதீங்க.

இன்னொண்ணையும் சொல்லிடறேன். தைராய்டு பிரச்சினை, பி.சி.ஓ.டி., ஏற்கனவே சர்க்கரை மாத்திரை, கர்ப்பம், இல்லைன்னா காரணமே தெரியாம எடை ஏறுது இறங்குதுன்னா, முதல்ல ஒரு டாக்டரை நேர்ல பாருங்க. போன்ல யாரும் உங்க கழுத்தைத் தொட்டுப் பார்க்க முடியாது.

காசு கட்டறதுக்கு முன்னாடி இதையெல்லாம் பார்த்தாச்சா?

இ-சஞ்சீவனி மத்திய அரசோட இலவச டெலிமெடிசின் சேவை. வீட்டிலிருந்தே டாக்டர்கிட்ட பேசலாம். தமிழ்நாட்டுல 104-க்கு போன் பண்ணா மருத்துவ ஆலோசனை கிடைக்கும். சர்க்கரை, பிரஷர் டெஸ்ட்டுக்குப் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையமே போதும். கொஞ்சம் பெருசா பார்க்கணும்னா முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கு. இவங்க யாரும் வாராவாரம் உங்களைக் கூப்பிட்டு பஜ்ஜி பற்றி விசாரிக்க மாட்டாங்க, அது உண்மைதான். ஆனா 'நான் எந்த நிலையில இருக்கேன்' என்ற பதில் இங்கயே இலவசமா கிடைச்சிடும். அந்தப் பதில் இல்லாம ப்ளான் வாங்கறது, சம்பளமே தெரியாம லோன் போடற மாதிரி.

ஹெச்.ஆர்.கிட்ட ஒரு ஈமெயில் போடுங்க. குரூப் மெடிக்ளைம்ல டெலி கன்சல்டேஷனும் டயட்டீஷியன் காலும் சேர்ந்தே இருக்கலாம். நிறைய கம்பெனியில இது இருக்கறதே ஆட்களுக்குத் தெரியறதில்லை. உங்க சம்பளம் 21,000-க்குள்ளன்னா இ.எஸ்.ஐ. இருக்கும், அதையும் பயன்படுத்துங்க.

அப்புறம், அந்த வாராந்திர கால். அதை நீங்களே ஏற்பாடு பண்ணிக்கலாம். ஆபீஸ்ல உங்களை மாதிரியே 'பார்டர்' ரிசல்ட் வாங்கின ஒருத்தர் கண்டிப்பா இருப்பார். நான் சும்மா சொல்லலை. 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வுப்படி தமிழ்நாட்டில் பெண்களில் 40 சதவீதம், ஆண்களில் 37 சதவீதம் பேர் கூடுதல் எடையில இருக்காங்க. ரெண்டு பேரும் ஒரு நோட்டு போடுங்க. தினமும் சாப்பிட்டது, நடந்தது. வாரம் ஒருமுறை எடையும் இடுப்புச் சுற்றளவும். நம்ம உடல்வாகுக்கு இடுப்பு அளவு ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ.க்குள்ள இருக்கணும்னு சொல்றாங்க. ஞாயித்துக்கிழமை பத்து நிமிஷம் போன், ஒரே ஒரு கேள்வி: "இந்த வாரம் எங்க தடுக்குச்சு?" எட்டு வாரம் இப்படி ஓட்டிப் பாருங்க. ஓடுச்சுன்னா உங்களுக்குக் காசு ப்ளானே தேவைப்படாம போகலாம். ரெண்டாவது வாரமே ரெண்டு பேரும் போன் எடுக்கலைன்னா, உங்களுக்கு வெளியாள் ஒருத்தர் வேணும்னு தெரிஞ்சு போச்சு. அப்போ காசு கொடுத்து வாங்கறதுல அர்த்தம் இருக்கு.

என் கருத்து, கேட்டவருக்கு நேரா: முதல் எட்டு வாரம் இலவசமா செய்யுங்க, மூணு மாசத்துல டெஸ்ட் திரும்ப எடுங்க. வேணும்னு தோணினா மாசக் கட்டணத்துல, கால் எண்ணிக்கையை எழுத்துல வாங்கிட்டு, மாசம் ஆயிரம் ரூபாய் பக்கத்துல ஆரம்பிங்க. அந்த 14,999 இ.எம்.ஐ. வேணாம்.

வரி பற்றி ரெண்டு வரி. வருமான வரியில தடுப்பு மருத்துவப் பரிசோதனைக்கு 5,000 ரூபாய் வரை காட்டலாம், பழைய வரி முறையில மட்டும். இது டெஸ்ட்டுக்கானது, கோச்சிங் ஃபீஸுக்கு இல்லை. 24,000 சம்பளத்துக்குப் புது முறையில வரியே வராது. அதனால "டேக்ஸ் சேவ் ஆகும் சார்"னு சேல்ஸ்ல சொன்னா சிரிச்சுட்டு போனை வச்சிடுங்க. ஹெல்த் இன்ஷூரன்ஸும் சாதாரணமா எடை குறைப்புச் செலவைத் தராது. பி.எம்.ஐ. 40-க்கு மேல, இல்லைன்னா 35-க்கு மேல இருந்து தீவிர நோய்களும் உள்ளவங்களுக்கு, டாக்டர் சொன்ன அறுவை சிகிச்சைக்கு மட்டும் விதிவிலக்கு உண்டு. நம்ம ஆளுக்கு உயரம் 170 செ.மீ.ன்னு வச்சாக்கூட பி.எம்.ஐ. 28.4-தான் வருது.

கடைசியா ஆட்டோபே. 'முதல் வாரம் 1 ரூபாய்'னு சொல்லி யு.பி.ஐ. ஆட்டோபே போடச் சொல்வாங்க. 15,000 ரூபாய் வரைக்கும் அடுத்தடுத்த பிடித்தத்துக்கு ஓ.டி.பி.யே கேக்காது. 14,999-ன்னு விலை வச்சதுல ஏதாவது புரியுதா? பிடிக்கறதுக்கு 24 மணி நேரம் முன்னாடி மெசேஜ் வரணும்னு விதி இருக்கு, அதை ஸ்பாம்னு நினைச்சு தள்ளிடாதீங்க. ஆப்பை டெலீட் பண்ணா மேண்டேட் ரத்தாகாது. உங்க யு.பி.ஐ. ஆப்புல ஆட்டோபே பகுதிக்குப் போய் அந்தக் கம்பெனி பேரை அழுத்தி, கேன்சல் கொடுத்து, பின் நம்பர் போடணும். ரத்து செய்யற பட்டனை ஒளிச்சு வச்சு அலைக்கழிச்சா, அது 2023 நவம்பர்ல வந்த விதிகளின்படி தடை செய்யப்பட்ட 'சப்ஸ்கிரிப்ஷன் ட்ராப்'. ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வச்சுக்கிட்டு 1915-க்கு, தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்கு, போன் பண்ணுங்க. தமிழ்லயே பேசலாம்.